பனகல் அரசர் திறந்து வைத்த பதிவேடு

பனகல் அரசரைப் பற்றிப் பேசாத மேடை நம் இயக்கத்தில் இல்லை. வகுப்புரிமை ஆணையைச் சொல்லுவோம். கோயில் சொத்துக்குக் கணக்குக் கேட்ட சட்டத்தைச் சொல்லுவோம். மருத்துவக் கல்லூரி வாயிலிலே வடமொழி காவல் நின்ற கதையையும் சொல்லுவோம், கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அவரது ஆட்சியின் கடைசி ஆண்டிலே பிறந்த ஒரு சிறிய சட்டம் நம் பேச்சில் இடம் பெறுவதில்லை. நோயாளியின் கட்டிலருகே இரவெல்லாம் விழித்து நிற்கிறாளே, அந்தப் பெண்ணைப் பற்றிய சட்டம் அது. 1926ஆம் ஆண்டின் மூன்றாம் எண் சட்டம்: சென்னை செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம். மொரப்பூர்ப் பக்கத்துப் பெண்பிள்ளைகளின் வாழ்வு இன்றும் அந்தச் சட்டத்தோடு பின்னிக் கிடக்கிறது. ஆகவே அந்தப் பெருமகனின் வரலாற்றை இன்று அந்தப் பக்கமிருந்து சொல்லப் புகுகிறோம்.

1866 ஜூலை 9ஆம் நாள் காளத்தியில் பிறந்தவர் இராமராயநிங்கார். ஜமீன் குடும்பம், செல்வத்துக்குக் குறைவில்லை. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் பின்னர் மாநிலக் கல்லூரியிலும் படித்தார். வடமொழியை முறையாகக் கற்றவர்; திராவிட மொழிகளிலும் புலமை பெற்றவர். அந்த வடமொழி எவருக்கும் தடைக்கல்லாக நிற்கக்கூடாது என்று கருதியவரும் அவரே! 1912இல் நிலவுடைமையாளரின் பிரதிநிதியாக மத்திய சட்டசபைக்குச் சென்றார். மாளிகை உண்டு, மரியாதை உண்டு, ஆங்கிலேயரின் அருகே ஆசனம் உண்டு. அத்தோடு மனநிறைவு கொண்டிருக்கலாம். கொள்ளவில்லை. தியாகராயரும் டாக்டர் நாயரும் நடேசனாரும் 1916இல் தொடங்கிய இயக்கத்திலே வந்து சேர்ந்தார்.

1920ஆம் ஆண்டுத் தேர்தலில் நீதிக்கட்சி வென்றது. முதல் மந்திரி பதவி தேடி வந்தும் தியாகராயர் மறுத்தார். கடலூர் சுப்பராயலு ரெட்டியார் ஏற்றார். அந்த அமைச்சரவையிலே இராமராயநிங்காருக்குக் கிடைத்தது ஸ்தல சுயாட்சித் துறை. உடல்நலக் குறைவால் ரெட்டியார் விலகியதும், 1921 ஜூலையில் முதல் மந்திரியானார். பனகல் அரசர் என்ற பட்டம் அடுத்த ஆண்டு வந்தது.

அது என்ன ஆட்சி? இரட்டை ஆட்சி! பணப்பெட்டி கவர்னர் பக்கம். போலீசு அந்தப் பக்கம். நிலவரி அந்தப் பக்கம். கல்வி, மருத்துவம், சுகாதாரம், ஸ்தல சுயாட்சி போன்றவை மட்டும் மந்திரிகள் பக்கம். பெட்டியை ஒருவரிடம் கொடுத்து, பசித்தவனுக்குச் சோறிடும் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்த ஏற்பாடு. அந்த ஏற்பாட்டிலே சலித்து உட்காராமல், கையில் கிடைத்த துறைகளைக் கொண்டே வேலை செய்தார் பனகல் அரசர். 1923 நவம்பரில் அவர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. 65 வாக்குக்கு 44 என்ற கணக்கிலே வீழ்ந்தது. அடுத்த ஆண்டிலேயே, பட்டணத்தை விட்டு நகராத வைத்தியத்தைச் சிற்றூருக்கு அனுப்ப, மானியம் பெறும் கிராம வைத்தியர் திட்டம் வந்தது. சித்தம், ஆயுர்வேதம், யுனானி கற்பிக்கும் அரசுப் பள்ளியும் சென்னையில் தோன்றியது.

அந்த வரிசையிலேதான் 1926ஆம் ஆண்டுச் சட்டம் வருகிறது. இதன் அருமை விளங்க, அன்றைய நாட்டு நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். ஊரிலே பிள்ளைப்பேறு பார்த்தவர் யார்? பெரும்பாலும் முடிதிருத்தும் சமூகத்துப் பெண்கள். தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய அனுபவம் அவர்களிடம் இருந்தது. சுத்தமான கருவியும் முறையான பயிற்சியும் கொடுப்பாரில்லை. உயிரைக் கொடுத்து உயிரை வெளிக்கொணர்ந்த அந்தக் கைகளைத் தீட்டு என்றது வைதீகம். வலி வந்தால் வீட்டுக்குள்ளே அழைப்பார்கள். வலி தீர்ந்தால் வாசலுக்கு வெளியே நிறுத்துவார்கள். நர்சு வேலைக்குப் போன பெண்ணையும் அதே கண்கொண்டுதான் பார்த்தது சமுதாயம்.

சட்டம் வந்தது. செவிலியருக்கும் மருத்துவச்சிக்கும் ஒரு மன்றம்; ஒரு பதிவேடு. பயிற்சி பெற்றவள் பெயர் அதிலே ஏறும். தவறு செய்தால் பெயர் நீக்கப்படும். வெறும் ஊழியம் என்றிருந்தது தொழிலாயிற்று. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பட்டணத்து நர்சோடு நின்றுவிடாமல், தாயி எனப்படும் நாட்டு மருத்துவச்சியையும் அந்தச் சட்டம் தன் வரம்புக்குள் அழைத்தது. ஏணியின் அடிப்படியில் நின்றவளுக்கும் ஏட்டிலே இடம்!

உலகம் இதைச் சுலபமாக ஏற்றதா? இல்லை. செவிலியரை முதன்முதலில் தேசியச் சட்டத்தின் வழியே பதிவு செய்த நாடு நியூசிலாந்து, ஆண்டு 1901. இங்கிலாந்திலே ஏறத்தாழ முப்பதாண்டு வாக்குவாதம். செவிலியர் குலத்தின் தாய் எனப் போற்றப்படும் பிளாரன்சு நைட்டிங்கேலே பதிவை எதிர்த்தார். நல்ல குணத்தைத் தேர்வு வைத்து அளக்க முடியாதென்பது அவர் கருத்து. அவர் மறைந்த பின்னரே, 1919இல், அங்கே சட்டம் வந்தது. அதற்கு ஏழே ஆண்டுகளில், பணப்பெட்டி கையில் இல்லாத ஒரு மாகாண அரசு இங்கே செய்து முடித்தது.

1926 இறுதியில் தேர்தலில் கட்சி பின்தங்கியது. பனகல் அரசர் பதவியை விட்டிறங்கினார். 1928 டிசம்பர் 16ஆம் நாள் மறைந்தார். தியாகராய நகரிலே பூங்காவும் சைதாப்பேட்டையிலே மாளிகையும் அவர் பெயரைச் சுமந்து நிற்கின்றன. பூங்காவில் உலவுவோர் பலர். பதிவேட்டை நினைப்போர் சிலர்.

அந்தச் சட்டம் வந்த நாளில் மொரப்பூர் சேலம் மாவட்டத்து ஊர். 1965இல் தருமபுரி தனி மாவட்டமாயிற்று. இது வானம் பார்த்த பூமி. ஆண்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைப்புத் தேடிப் போகும் சீமை. இங்கே பள்ளி முடித்த பெண்ணுக்கு நர்சு வேலை பெருங்கனவு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துத் துணைச் செவிலியர் பயிற்சி இரண்டாண்டு படித்தால் மன்றத்திலே பதிவு உண்டு; கிராம சுகாதார செவிலியராகும் வழியும் உண்டு. அந்த இடம் கிடைக்காத பிள்ளை என்ன செய்வாள்? ஆறு மாதத்தில் நர்சிங் அசிஸ்டெண்ட், ஓராண்டில் ஹெல்த் அசிஸ்டெண்ட் என்று அழைக்கும் விளம்பரத்தை நம்புகிறாள். ஆட்டை விற்று, நகையை அடகு வைத்துத் தகப்பன் பணம் கட்டுகிறான். பளபளக்கும் சான்றிதழ் வருகிறது. செவிலியர் மன்றத்தின் கதவைத் தட்டினால், அந்தச் சான்றிதழுக்கு அங்கே இடமில்லை!

வேலை மட்டும் கிடைக்கிறது. நர்சின் சீருடை, நர்சின் வேலை. சம்பளம் நர்சின் சம்பளம் அன்று. ஊசி போடச் சொன்னால் போடவேண்டும். விபரீதம் விளைந்தால் பழி அவள் தலையில். படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கோ, தன்னைத் தொடும் கை எவ்வளவு கற்ற கை என்று அறியும் வழி இல்லை. ஏமாந்தவர் இருவர். இலாபம் மூன்றாமவருக்கு.

திறன் பயிற்சித் திட்டங்களிலே உதவியாளர் பாடங்கள் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன. ஆனால் அந்தச் சான்றிதழும் செவிலியர் பதிவேட்டிலே ஏறாது. அமெரிக்காவைப் பாருங்கள். முதியோர் இல்லங்களின் அவலம் வெளிப்பட்டபின், 1987இல் அங்கே சட்டம் செய்தார்கள். நர்சின் உதவியாளருக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி, திறன் தேர்வு, மாநிலந்தோறும் பதிவேடு. வேலைக்கு எடுப்பவர் பதிவேட்டைப் பார்த்தே எடுக்கவேண்டும். நோயாளியைத் துன்புறுத்தினாள் என்று மெய்ப்பிக்கப்பட்டால் அதுவும் அந்த ஏட்டிலே ஏறும். பணக்கார நாட்டுக்கு மட்டும் ஆகும் காரியமா இது? ஒரு ஏடு, ஒரு தேர்வு, ஒரு கண்காணிப்பு, அவ்வளவுதானே!

2023இல் நாடாளுமன்றம் தேசிய செவிலியர், மருத்துவச்சி ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. மாநிலத்துக்கும் ஓர் ஆணையம் உண்டென்கிறது அது. மேலேயிருப்பவர் கட்டளையிட, கீழேயிருப்பவர் கோப்பைச் சுமக்கும் இன்னொரு இரட்டை ஆட்சியாக அது ஆகிவிடக்கூடாது. மொரப்பூர் மருத்துவமனையின் தேவை டில்லிக்குத் தெரிவதைவிடத் தமிழகத்துக்கு நன்றாகத் தெரியும்.

ஆகவே நாம் கேட்பது இது. செவிலியர் உதவியாளர் பயிற்சிக்கு மாநில அரசு பாடமும் காலமும் வகுக்கட்டும். நடத்தும் நிலையங்களை ஆய்ந்து, தக்கவற்றுக்கு மட்டும் அனுமதி தரட்டும். தேர்வை அரசே நடத்தி, தேறியவர் பெயரைத் தனிப் பதிவேட்டில் ஏற்றட்டும். அவர் செய்யத்தக்க வேலை எது, தகாத வேலை எது என்று எழுதி மருத்துவமனைச் சுவரிலே மாட்டட்டும். ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்த பிள்ளைகளுக்கு, விட்ட பாடத்தைப் படித்துத் தேர்வெழுத வழி திறக்கட்டும். அவர்களை வீதியில் விடுவது நீதியாகாது.

ஒரு நூற்றாண்டுக்கு முன்னர், கட்டுண்ட கைகளோடு நாட்டு மருத்துவச்சிக்கும் ஏட்டிலே இடம் தேடினார் பனகல் அரசர். அந்த ஏட்டிலே இன்னும் ஒரு பக்கம் எழுதப்பட வேண்டியிருக்கிறது. அதை எழுதுவோர் அவர் பெயரைச் சொல்லும் உரிமை பெற்றோராவர்.