தாளைப் பார்த்த உடனே வாசிப்பார்... யார் இந்த டாமி டெடெஸ்கோ?

1966-ல் வந்த 'பேட்மேன்' டி.வி. தொடரின் தீம் மியூசிக் தெரியுமா? யூடியூபில் என்றைக்காவது காதில் விழுந்திருக்கும். 'போனான்ஸா', 'மேஷ்' என அந்தக்கால அமெரிக்க தீம்கள், 'காட்ஃபாதர்', 'ஜாஸ்' படங்களின் பின்னணி இசை, எல்விஸ் பிரெஸ்லியின் புகழ்பெற்ற 1968 டி.வி. நிகழ்ச்சி, பீச் பாய்ஸ் பாட்டுகள்... இத்தனையிலும் வாசித்தவர்களில் ஒருவர் டாமி டெடெஸ்கோ. வரலாற்றிலேயே அதிகமாக ரெக்கார்டிங்கில் வாசித்த கிட்டாரிஸ்ட் என்று 'கிட்டார் பிளேயர்' பத்திரிகை அவரைச் சொன்னது. ஆனாலும், கிட்டார் கிளாஸ் போகிற பசங்களிடம் பெயரைச் சொன்னால் "யாரு அது?" என்றுதான் கேட்பார்கள்.

அவர் ஸ்டைலான ராக் ஸ்டார் எல்லாம் கிடையாது. குண்டான உடம்பு, தாடி, எப்போதும் ஏதாவது ஜோக். ஸ்டுடியோக்காரர்கள் அவரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டதற்கு ஒரு முக்கியக் காரணம் உண்டு. முன்பின் பார்க்காத நோட்டேஷன் தாளை அவர் முன்னால் வைத்தால், அந்த நிமிஷமே வாசித்துவிடுவார். இதற்குப் பெயர்தான் சைட் ரீடிங்.

'இதுல என்ன பெரிய விஷயம்? பியானோ, வயலின் வாசிக்கிறவங்க எல்லாம் செய்றதுதானே' என்று தோன்றலாம். கிட்டாரில் இது வேறு மாதிரியான தலைவலி. பியானோவில் ஒரு ஸ்வரத்துக்கு ஒரே ஒரு கட்டைதான். தாளில் புள்ளியைப் பார்த்தால் விரல் போக வேண்டிய இடம் ஒன்றே ஒன்று. கிட்டாரில் முதல் கம்பியைச் சும்மா மீட்டினால் வரும் 'ஈ' இருக்கிறதே, அதே 'ஈ' இரண்டாவது கம்பியில் 5-வது ஃப்ரெட்டில் இருக்கும். மூன்றாவது கம்பியில் 9, நான்காவதில் 14, ஐந்தாவதில் 19. தாளில் ஒரே புள்ளி, கிட்டாரில் ஐந்து இடம்! எந்த இடத்தில் வாசிப்பது என்று தாள் சொல்லாது. அடுத்து வரும் நான்கு ஸ்வரங்களைக் கண் முன்கூட்டியே பார்த்து, கை எங்கே இருந்தால் வசதி என்று முடிவு செய்ய வேண்டும். அதுவும் தாளம் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்போதே!

இதனால்தான் நம்மில் பலர் டேப்லேச்சரிலேயே செட்டில் ஆகிவிடுகிறோம். ஆறு கோடு, ஃப்ரெட் நம்பர், அவ்ளோதான். நானும் அப்படிக் கத்துக்கிட்டவன்தான். இரண்டு வருஷம் கழித்து ஐந்து கோட்டு நோட்டேஷனைத் திறந்தபோது, திரும்ப ஒண்ணாங்கிளாஸில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. டேப் விரலை எங்கே வைக்கணும்னு சொல்லும். ஆனால், இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான டேப்களில் எவ்வளவு நேரம் வாசிக்கணும்னு இருக்காது. பாட்டை ஏற்கெனவே கேட்டிருந்தால்தான் சமாளிக்க முடியும். கேட்டே இராத பாட்டு என்றால்?

டெடெஸ்கோவின் வேலையே கேட்டே இராத பாட்டுகள்தான்.

1930-ல் நியூயார்க் மாநிலத்தின் நயாகரா ஃபால்ஸ் ஊரில் பிறந்தவர். இத்தாலிய வம்சாவளிக் குடும்பம். 1950-களில் ரால்ஃப் மார்ட்டெரி என்பவரின் இசைக்குழுவில் சேர்ந்து ஊரைவிட்டுக் கிளம்பினார். பிறகு, மனைவியோடு லாஸ் ஏஞ்சல்ஸில் குடியேறினார். சினிமா, டி.வி., இசைத்தட்டு என மூன்று தொழிலும் கொடிகட்டிப் பறந்த ஊர் அது. அங்கே தினம் தினம் பாட்டு ரெக்கார்டிங் நடந்தது.

அந்த ரெக்கார்டிங் எப்படி நடக்கும் தெரியுமா? இசைக்கலைஞர் சங்க விதிப்படி ஒரு செஷன் என்பது வழக்கமாக 3 மணி நேரம். அதைத் தாண்டினால் கூடுதல் சம்பளம். சினிமாப் பின்னணி இசை என்றால் ஒரே அறையில் ஐம்பது, அறுபது பேர்கூட உட்கார்ந்திருப்பார்கள். வந்து உட்கார்ந்த பிறகுதான் தாளைப் பார்ப்பார்கள். ஒரு தடவை ஒத்திகை, அடுத்து டேக். கிட்டார்காரர் தடுமாறினால் அறுபது பேரும் மறுபடி முதலிலிருந்து வாசிக்கணும். தயாரிப்பாளர் கடிகாரத்தைப் பார்ப்பார். அடுத்த வாரம் அந்தக் கிட்டார்காரருக்கு போன் வராது. யாரும் திட்ட மாட்டார்கள், சண்டை போட மாட்டார்கள். கூப்பிட மாட்டார்கள், அவ்வளவுதான்.

கிட்டார்காரர்களைப் பற்றி இசை உலகில் ஒரு பழைய கிண்டல் உண்டு. அவர்களின் சத்தத்தைக் குறைக்க என்ன வழி? முன்னால் ஒரு நோட்டேஷன் தாளை வை! இப்படிக் கேலி செய்யப்பட்ட கூட்டத்திலிருந்து ஒருவர், எந்தத் தாளைக் கொடுத்தாலும் அசராமல் வாசித்தால் அவருக்கு எப்படி வேலை வரும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1960-களில் தொடங்கி ஏறத்தாழ முப்பது வருஷம் அவர் கை ஓயவில்லை. பின்னாளில் 'ரெக்கிங் க்ரூ' என்று அழைக்கப்பட்ட ஸ்டுடியோ கலைஞர்கள் கூட்டத்தில் அவரும் ஒருவர்.

அவர் செய்த ஒரு தில்லாலங்கடி வேலையைச் சொல்லியே ஆகணும். இசையமைப்பாளர்கள் கிட்டாரோடு விட மாட்டார்கள். இன்றைக்கு மாண்டலின், நாளைக்கு யுகுலேலே, அடுத்த நாள் சித்தார் என்று கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் சுருதி அமைப்பு வேறு. மாண்டலினின் கம்பிகள் கிட்டாரைப் போல அமைந்தவை அல்ல. அதில் சைட் ரீடிங் செய்ய வேண்டுமானால் விரல்கள் புதிதாக எல்லாவற்றையும் படிக்க வேண்டும். டெடெஸ்கோ என்ன செய்தார்? கையில் கிடைத்த கம்பி வாத்தியத்தை எல்லாம் கிட்டார் மாதிரியே சுருதி சேர்த்துவிட்டார்! கிட்டாரைத் தவிர சுமார் 30 வாத்தியங்கள் இப்படி வாசித்தார் என்கிறார்கள். கேட்பவருக்கு அது மாண்டலின். அவர் கைக்கு அது குட்டிக் கிட்டார்.

இதை ஏமாற்று வேலை என்று சுத்த மாண்டலின் கலைஞர்கள் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இசையமைப்பாளருக்குத் தேவை மாண்டலினின் சத்தம். அதைத் தாளில் உள்ளபடி, பிசகாமல், 3 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். தாளில் புள்ளியைப் பார்த்ததும் விரல் தானாகப் போகிற அந்தப் பழக்கம்தான் அவருடைய மூலதனம். அதைக் கலைக்காமல் வாத்தியத்தை மட்டும் மாற்றிக்கொண்டார்.

அந்தப் பழக்கம் எப்படி வரும்? இதில் மேஜிக் எதுவும் இல்லை, ரொம்ப போரான பயிற்சிதான். சைட் ரீடிங் கற்றுத்தருகிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்று உண்டு. ஒரே பாடத்தைப் பத்து நாள் வாசிக்காதே. மூன்றாவது நாளே அது மனப்பாடம் ஆகிவிடும். அதற்குப் பிறகு நீ படிக்கவில்லை, ஞாபகத்திலிருந்து வாசிக்கிறாய். அதனால் தினமும் புதுத் தாள் வேண்டும். கிட்டார் புத்தகம் தீர்ந்துவிட்டால் வயலின், கிளாரினெட் புத்தகங்களை எடுத்து வாசிக்கலாம். மெதுவாக வாசிக்கலாம், தப்பாகக்கூட வாசிக்கலாம், நிற்கக் கூடாது. ஒரு ஸ்வரம் போனால் போகட்டும், தாளத்தை விட்டுவிட்டால் மொத்த ஆர்கெஸ்ட்ராவும் உங்களைத் தாண்டிப் போய்விடும். முக்கியமாக, கண் தாளில்தான் இருக்க வேண்டும். விரலைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தால் எந்த வரியில் இருந்தோம் என்பதே தெரியாது.

இதைப் படித்துவிட்டு, நோட்டேஷன் தெரியாதவன் கலைஞனே இல்லை என்று யாரிடமும் சண்டைக்குப் போய்விடாதீர்கள். ஜாஸ் கிட்டாரில் சிகரம் தொட்ட வெஸ் மாண்ட்கோமெரிக்கு நோட்டேஷன் படிக்கத் தெரியாது. ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டுக்கும் தெரியாது. அவ்வளவு ஏன், டெடெஸ்கோவோடு அதே ஸ்டுடியோக்களில் வாசித்த க்ளென் கேம்ப்பெல் காதால் கேட்டே சமாளித்தவர். அவர்தான் பிற்பாடு பாடகராகி உலகப்புகழ் பெற்றார். தன் இசையை வாசிக்கிறவருக்கு காது போதும். அடுத்தவர் மனதில் இருக்கும் இசையை, அவர் எழுதிய மறு நிமிஷமே வாசிக்க வேண்டியவருக்குத்தான் கண் வேண்டும்.

'கிட்டார் பிளேயர்' பத்திரிகையில் டெடெஸ்கோ தொடர்ந்து ஒரு பத்தி எழுதினார். இன்றைக்கு எந்த ரெக்கார்டிங், தாளில் என்ன சிக்கல், எப்படிச் சமாளித்தேன், எவ்வளவு பணம் கிடைத்தது... எல்லாவற்றையும் போட்டு உடைப்பார். சம்பளத்தை இப்படி வெளிப்படையாக எழுதியதுதான் எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது. ஒரு வேலையை ஒப்புக்கொள்ள அவர் நான்கு காரணங்கள் வைத்திருந்தார்: பணம், தொடர்புகள், அனுபவம், இல்லாவிட்டால் சும்மா ஜாலி. நாலாவது காரணத்துக்காகத்தானோ என்னவோ, 'கோங் ஷோ' என்ற டி.வி. நிகழ்ச்சியில் பாலே நடனப் பெண்கள் அணியும் குட்டைப் பாவாடையைக் கட்டிக்கொண்டு, ஸ்டுடியோ கிட்டாரிஸ்ட்டின் அவல வாழ்க்கையைப் பாடினார்!

1992-ல் பக்கவாதம் தாக்கியது. உடம்பின் ஒரு பகுதி செயலிழந்தது. தாளைப் பார்த்ததும் கை ஓடிய மனிதருக்கு, வாசிப்பு அத்தோடு முடிந்தது. மறு வருஷம் தன் வாழ்க்கைக் கதையைப் புத்தகமாக வெளியிட்டார். பிறகு நுரையீரல் புற்றுநோய். 1997 நவம்பரில், 67 வயதில் இறந்துபோனார்.

அப்பாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் மகன் டென்னி கேமராவைத் தூக்கினார். அப்பாவையும் அவருடைய பழைய ஸ்டுடியோ நண்பர்களையும் உட்காரவைத்துப் பேசவிட்டு, 'தி ரெக்கிங் க்ரூ' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். 2008-ல் விழாக்களில் திரையிட்டாயிற்று. தியேட்டருக்கு மட்டும் வர முடியவில்லை. படத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டுகள், ஒவ்வொன்றுக்கும் உரிமைத்தொகை கட்ட வேண்டும். அப்பா வாசித்த பாட்டுகளைத் தன் படத்தில் போட, மகன் ஊரெல்லாம் பணம் திரட்டிக் கட்டி முடித்து, படம் முறையாக வெளியானது 2015-ல்.