மரணத்தை ஏமாற்றிய டாக்டர்

அமெரிக்காவில் போஸ்டன் நகரில் 1885-ம் ஆண்டு பிறந்தவர் ஜார்ஜ் மினோட். தந்தை டாக்டர். மகனும் டாக்டர் ஆனார். ரத்த நோய்களை ஆராய்வதில் அவருக்குத் தணியாத ஆசை.

1921-ம் ஆண்டு மினோட்டுக்கு வயது 35. திடீரென்று இளைத்தார். சோதித்துப் பார்த்தால், சர்க்கரை வியாதி!

அன்று அதற்கு மருந்து கிடையாது. சாப்பாட்டைக் குறைத்து நாளைத் தள்ள வேண்டியதுதான். டாக்டராக இருந்ததால் தன் கதி என்ன என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். டாக்டர் ஜோஸ்லின் சொன்னபடி, உணவைத் தராசில் நிறுத்து உண்டார். உடல் துரும்பாயிற்று.

அந்தச் சமயத்தில் கனடாவில் இன்சுலின் கண்டுபிடித்தார்கள். 1923-ல் அந்த ஊசி மினோட்டுக்குக் கிடைத்தது. பிழைத்தார்!

ஈரல் வைத்தியம்

பிழைத்தவர் சும்மா இருக்கவில்லை. அக்காலத்தில் ஒருவகைக் கொடிய சோகை இருந்தது. வந்தால் சாவுதான். ரத்தம் இழந்த நாய்களுக்கு ஈரல் கொடுத்தால் ரத்தம் ஊறுகிறது என்று டாக்டர் விப்பிள் கண்டிருந்தார். மினோட்டும் டாக்டர் மர்பியும் சோகை நோயாளிகளுக்குத் தினமும் ஈரலைத் தின்னக் கொடுத்தார்கள். 45 நோயாளிகள் தேறியதை 1926-ல் உலகுக்கு அறிவித்தார்கள். மூவருக்கும் 1934-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஈரலில் இருந்த அந்த அற்புதப் பொருள் வைட்டமின் பி12 ஆகும்.

உள்ளே அரித்த பகை

இன்சுலின் உயிரைக் காத்ததே தவிர, சர்க்கரை ஏறி இறங்குவதை முழுவதும் அடக்கவில்லை. 1947-ல் மினோட்டைப் பக்கவாதம் தாக்கியது. நெடுநாள் சர்க்கரை நோயாளிகளை இது அதிகம் தாக்கும்.

ஏன்? இதற்கு விடை பின்னால்தான் கிடைத்தது. உடலின் உயிரணுக்களில் சர்க்கரை, பிராணவாயுவோடு சேர்ந்து எரிகிறது. அடுப்பில் அளவுக்கு மீறி விறகைத் திணித்தால் புகை மண்டும் அல்லவா? அதுபோலச் சர்க்கரை மிகுந்தால், பிராணவாயுவில் ஒரு பகுதி நச்சுப் பொருளாக மாறுகிறது. அது ரத்தக் குழாயின் உட்சுவரை அரிக்கிறது. கண், சிறுநீரகம், நரம்பு எல்லாம் கெடுகின்றன.

வைட்டமின் ஈ மாத்திரையால் இதைத் தடுக்கலாமா என்று ஆராய்ந்தார்கள். பலிக்கவில்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தவர்களுக்கோ, கண் நோய் வரும் ஆபத்து 76 சதவீதம் குறைந்தது! 1993-ல் வெளியான ஆராய்ச்சி இது.

மினோட் காலத்தில் அந்த வசதி இல்லை. ஒரு பக்கம் செயல் குன்றிய நிலையில், 1950 பிப்ரவரி 25-ந் தேதி காலமானார். வயது 64. இன்சுலின் அவருக்குக் கொடுத்த ஆயுள் 27 ஆண்டுகள்.