யவனர் கதையைத் தாய்மொழியிற் றந்த மதுசூதனர்

சென்ற விடுமுறையில், கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தல்கள் சூழ்ந்த எம் ஊரில், ஓய்வுநாட் பள்ளிச் சிறார்க்கு ஆங்கில நூலொன்றைக் காட்டினேன். அது யவனர் புராணக் கதைகளை வண்ணச் சித்திரங்களுடன் கூறுவது. சித்திரங்களைக் கண்டு களித்த சிறார், யான் ஆங்கிலத்தில் வாசித்தபொழுது வாளாவிருந்தனர். பொற்கனி ஒன்றின் பொருட்டுத் தேவியர் மூவர் பிணங்கிய கதையைத் தமிழிற் கூறியவுடன், இது பழனிக் கதை போன்றதன்றோ என்று ஒரு சிறுவன் வினவினான். அவ்வினா எனக்கு மைக்கேல் மதுசூதன தத்தரை நினைவூட்டியது.

மதுசூதனர் 1824-ஆம் ஆண்டு சனவரி 25-ஆம் நாள், வங்கநாட்டு எசோர் சில்லாவைச் சார்ந்த சாகர்தாரி என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர். கல்கத்தா இந்துக் கல்லூரியிற் பயிலுங்கால், ஆங்கிலக் கவியாகப் புகழ் பெறுதலே அவர்தம் வேட்கையாயிருந்தது. 1843-இல் ஞானஸ்நானம் பெற்றார். அதனால் அக்கல்லூரியை விட்டு நீங்கிப் பிஷப் கல்லூரியிற் சேர்ந்து, கிரேக்கமும் இலத்தீனும் கற்றார்.

1848-இல் நம் சென்னை மாநகர் போந்து, அநாதைப் பிள்ளைகளின் பள்ளியில் ஆசிரியராயினார். ஈண்டுத் தமிழும் தெலுங்கும் பயின்றார். 1849-இல் அவர் வெளியிட்ட ஆங்கிலக் காவியம் எதிர்பார்த்த புகழைத் தரவில்லை. அதனைக் கண்ட பெத்தூன் துரை, அவ்வாற்றலைத் தாய்மொழிக்கே பயன்படுத்துமாறு அறிவுறுத்தினார். 1856-இல் மதுசூதனர் கல்கத்தா மீண்டார். மனைவி ரெபேக்காளையும் மக்களையும் சென்னையிலேயே விட்டகன்றமை அவர் வாழ்வில் நீங்கா மாசாகும்.

1860-இல் வெளிவந்த பத்மாவதி நாடகத்தில், அப்பொற்கனிக் கதையே வங்க உடை புனைந்து வந்தது. கனி பொற்றாமரையாயிற்று, கலகம் மூட்ட நாரதர் வந்தார், சசி, முரசை, இரதி என்னும் மூவரும் யவனத் தேவியராயினர். தீர்ப்புக் கூறிய டிராய் நகர இளவரசனோ இந்திரநீலன் என்னும் அரசனாயினான். மறு ஆண்டு தோன்றிய மேகநாதவதக் காவியம் இராமகாதையை ஹோமரின் பெருமிதத்தோடு பாடிற்று. 1871-இல் இலியத்துக் கதையின் ஒரு பகுதியை, ஹெக்டர் வதம் என்னும் பெயரால் வங்க உரைநடையில் வழங்கினார். அது முற்றுப்பெறவில்லை.

சட்டம் பயிலச் சீமை சென்றபொழுது வறுமையுற்ற மதுசூதனரை, ஈசுவர சந்திர வித்தியாசாகரர் பொருளனுப்பிக் காத்தனர். எனினும் பின்னரும் கடன் நீங்கவில்லை. துணைவியார் என்றியெத்தா இறந்த மூன்றாம் நாள், 1873 சூன் 29-இல் அவரும் உயிர் துறந்தார்.

கிறிஸ்து மார்க்கத்தைத் தழுவியோர் பிற சமயக் கதைகளிற் பற்று வைத்தல் தகுமோ என்று நம்முட் சிலர் ஐயுறுவர். மதுசூதனர் தம் விசுவாசத்தையும் விடவில்லை. முன்னோர் கதையையும் துறக்கவில்லை. அயலார் கதையையும் தமக்கென்றே பூட்டி வைக்கவில்லை. கல்லூரியிற் பயிலும் நாமோ, கற்ற கதைகளைத் தேர்வு முடிந்ததும் மறந்து விடுகின்றோம். நண்பர்காள்! விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால், அவற்றுள் ஒன்றையேனும் நம் தம்பி தங்கையர்க்குத் தமிழிற் கூறுவோமாக.