வீட்டை விட்டுப் புறப்பட்ட ஓலைகள்

திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் செங்கம் என்று ஓர் ஊர். பழங்காலத்தில் அங்கே நன்னன் என்ற சிற்றரசன் ஆண்டான். அவனிடம் பரிசு பெறக் கூத்தர்கள் வாத்தியங்களைப் பைகளில் கட்டிச் சுமந்துகொண்டு மலைவழியே போன கதையை "மலைபடுகடாம்" சொல்கிறது.

வாத்தியங்கள் ஊர்விட்டு ஊர் போனது போலவே, அந்தப் பாட்டை எழுதிய ஓலைகளும் பிற்காலத்தில் இடம் மாற வேண்டியிருந்தது. அவற்றைத் தேடிச் சேர்த்தவர் "தமிழ்த் தாத்தா" உ. வே. சாமிநாதய்யர்.

ஏடு தேடினார்

1855ல் பிறந்தவர் அவர். சொந்த ஊர் உத்தமதானபுரம். தந்தை வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். மகனுக்கோ தமிழ்தான் உயிர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டார். 1880ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார்.

அங்கே முனிசீப்பாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். இல்லை என்று சொல்ல நேர்ந்தது. அன்று தொடங்கியது ஏட்டு வேட்டை!

வண்டியிலும் ரயிலிலும் கால்நடையாகவும் ஊர் ஊராக அலைந்தார். தாத்தா படித்த ஏடுகளைப் பேரன் பரணில் போட்டிருந்தான். கறையான் தின்றது பாதி. ஆற்றில் விட்டது, அடுப்பில் வைத்தது மீதி. தப்பியதை வாங்கி வந்து, பல பிரதிகளை ஒப்பிட்டு அச்சிட்டார். சிந்தாமணி 1887ல் வந்தது. மலைபடுகடாம் அடங்கிய பத்துப்பாட்டு 1889ல் வந்தது. சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை பின்தொடர்ந்தன.

குண்டு பயம்

ஏடுகள் அவர் வீட்டிலேயே நிறைந்தன. திருவல்லிக்கேணியில் அந்த வீட்டின் பெயர் "தியாகராச விலாசம்".

1942 ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் ஜப்பான் குண்டு போட்டது. சென்னையே காலியாயிற்று. 87 வயதுக் கிழவரும் திருக்கழுக்குன்றம் போய்ச் சேர்ந்தார். ஏப்ரல் 28ல் அங்கேயே கண்மூடினார்.

இனி ஏடுகளின் கதி என்ன? பாகப் பிரிவினையில் சிதறுமா? மறுபடி பரணுக்குப் போகுமா? எத்தனையோ வீடுகளில் அவர் கண்ட காட்சி அதுதானே!

அப்படி நடக்கவில்லை. மகன் கல்யாணசுந்தரையர் அவற்றைத் தம் சொத்தாக வைத்துக்கொள்ளவில்லை. ருக்மிணி தேவி அருண்டேல் முன்னின்று உதவினார். 1943ல் அடையாற்றில் டாக்டர் உ. வே. சாமிநாதையர் நூல் நிலையம் பிறந்தது. பின்னர் பெசன்ட் நகரில் அதற்குச் சொந்தக் கட்டடமும் எழும்பியது.

ஒரு வீட்டுச் சொத்து நாட்டுச் சொத்தாயிற்று. செங்கத்துப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பாட்டை இன்று படிக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பரணையும் ஒருமுறை பாருங்களேன்!