கல்கத்தாவின் முதல் நகரபிதா

வங்கநாடு ஈன்ற பெருமக்களுள் தேசபந்து சித்தரஞ்சன் தாசர் ஒருவர். 1870 ஆம் ஆண்டிற் பிறந்து, பாரிஸ்டராகிப் பெரும்பொருள் ஈட்டினார். தந்தையாரின் கடன்களைத் தீர்க்குமாறு சட்டம் அவரை வற்புறுத்தவில்லை. எனினும் அவற்றை முற்றாகத் தீர்த்தார். பிறர் பொருளை இவ்வாறு மதித்தவரிடமே பின்னர் ஒரு மாநகரின் பொறுப்பும் வந்தது.

1923 இல் அமைச்சர் சுரேந்திரநாத பானர்ஜி கொணர்ந்த சட்டம் கல்கத்தா மாநகரசபையைப் புதுக்கிற்று. சபையார் ஆண்டுதோறும் நகரபிதாவைத் தெரிவுசெய்வர்; அவர் கூட்டங்களுக்குத் தலைமை வகிப்பார். நாளாந்த நிருவாகமோ, சபை நியமித்து அரசாங்கம் இசையும் பிரதம நிருவாக அதிகாரியைச் சாரும். ஆய்வது ஒருவர் கடன். ஆற்றுவது மற்றொருவர் கடன். அவ்வாண்டுத் தேர்தலிலே பானர்ஜி தோற்றார். அவர் சமைத்த சபையோ 1924 இல் தாசரின் சுயராச்சியக் கட்சியின் கைப்பட்டது.

முதல் நகரபிதாவான தாசர், இருபத்தேழு வயதினரான சுபாஸ் சந்திர போசரைப் பிரதம நிருவாக அதிகாரியாக்கினார். போசர் மூவாயிரம் ரூபாச் சம்பளத்திற் பாதியையே பெற்றார். இலவச ஆரம்பக் கல்வியும் ஏழைகளுக்கான வைத்திய உதவியும் சபையின் நோக்கங்களாயின. ஆனால், அவ்வாண்டு ஒற்றோபரில் அரசாங்கம் போசரை விசாரணையின்றிச் சிறையிட்டது. தலைவர் சபையில் இருந்தார். ஆற்றுங் கையோ சிறையில் இருந்தது.

1925 யூன் 16 இல் தாசர் தார்ச்சிலிங்கிற் காலமானார். அவர் நாட்டுக்கு ஈந்த இல்லம் மகளிர் வைத்தியசாலையாயிற்று.

மாணவர்காள்! சட்டம் சபையை அமைக்கும். அதற்கு உயிரளிப்பது அதில் அமர்வோரின் நேர்மையே என்பதை நாம் இவர் வாழ்விற் காண்கின்றோம்.