ரம்போர்டு பிரபுவும் காப்பிக் கலையும்

காலையில் ஒரு கிண்ணம் காப்பி அருந்தாதார் நம்முள் மிகச் சிலரே. ஆயினும், அதனைச் செய்யும் முறை யாது, அதற்குரிய கருவி எத்தன்மையதாதல் வேண்டும் என ஆராய்ந்தோர் அவரினும் சிலர். இக்காலத்தே கப்புச்சினோ என்னும் நுரைப்பாற் காப்பியை வீட்டிலேயே செய்துகொள்ள விரும்புவோர், கடைகளில் அடுக்கி வைத்துள்ள கருவிகளைக் கண்டு, எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்று மயங்குகின்றனர். அம்மயக்கத்தைத் தெளிவிக்கவல்ல விதிகள் சிலவற்றை இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு பௌதிக சாஸ்திரி வகுத்து வைத்தார். அவரே ரம்போர்டு பிரபு. வெப்பம் ஒரு பண்டமன்று, அஃது ஒருவகை இயக்கமே என்று காட்டியவர் என இவரைப் பௌதிக வகுப்பு மாணவர் அறிவர். இவர் அடுப்பிற்கும் காப்பிப் பாத்திரத்திற்கும் செய்த தொண்டினை அறிந்தோர் பலரல்லர். இவரது வாழ்க்கை போற்றத்தக்கனவும் இகழத்தக்கனவும் விரவியது. ஆதலின் இரண்டனையும் மறையாது ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இளமை

இவரது இயற்பெயர் பெஞ்சமின் தாம்சன். 1753-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 26-ந் தேதி, வட அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாகாணத்து வோபர்ன் என்னும் ஊரிலே ஒரு குடியானவர் குடும்பத்திற் பிறந்தார். இவர் கைக்குழந்தையாயிருந்தபோதே தந்தை இறந்தார். பதின்மூன்றாம் வயதில் சேலம் என்னும் துறைமுகப் பட்டினத்திலே ஒரு கடையில் வேலை பழகச் சேர்க்கப்பட்டார். ஆனால் அவர் மனம் கணக்கேட்டினும் கருவிகளிலேயே மிகுதியும் சென்றது. ஒருகால் வாணவேடிக்கைக்கு மருந்து கூட்டும்போது அது வெடித்ததனால் உடல் வெந்து வருந்தினார். எனினும் ஆராயும் வேட்கை தணியவில்லை. ஹார்வர்டு கல்லூரியில் வின்திராப் என்னும் ஆசிரியர் நிகழ்த்திய விரிவுரைகளைக் கேட்பதற்காகத் தம் ஊரினின்றும் நடந்தே சென்று வந்தார்.

பின்னர் நியூ ஹாம்ப்ஷயர் நாட்டில், முன்பு ரம்போர்டு எனப் பெயர் பெற்றிருந்த காங்கார்டு என்னும் ஊருக்கு உபாத்தியாயராகச் சென்றார். 1772-ல், தம் பத்தொன்பதாம் வயதில், அவ்வூரிலிருந்த செல்வமுள்ள விதவை ஒருவரை மணந்தார். அவ்வம்மையார் இவரினும் வயதில் மிக மூத்தவர். 1774-ல் இவர்களுக்கு ஒரு பெண் மகவு பிறந்தது.

அவ்வமயம் அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் இங்கிலாந்து மன்னரை எதிர்க்கத் தலைப்பட்டன. தாம்சன் மன்னர் பக்கம் சார்ந்தார். ஊரார் இவரைப் பிடித்து அவமதிக்கக் கருதுவதையறிந்து, மனைவியையும் குழந்தையையும் விட்டுவிட்டு இரவோடிரவாக ஓடினார். அடுத்த ஆண்டில், கண்ணுக்குப் புலனாகாத மையினால் எழுதி, தம் நாட்டார் படைச் செய்திகளை ஆங்கிலத் தளபதிகளுக்கு அனுப்பினார். 1776-ல் இலண்டனை அடைந்தார். மனைவியாரை அவர் மீண்டும் கண்டதில்லை. 1792-ல் அவ்வம்மையார் இறந்தார். மகளைக் கண்டதும் இருபது ஆண்டுகளுக்குப் பின்னரே.

இலண்டனில் அரசாங்க அலுவலில் விரைந்து உயர்ந்தார். வெடிமருந்தின் ஆற்றலை அளந்து எழுதிய ஆராய்ச்சிகளால் 1779-ல் ராயல் சொசைட்டியின் அங்கத்தினரானார். போரின் முடிவில், படைத்தலைவராய் லாங் ஐலண்டிலுள்ள ஹண்டிங்டன் என்னும் ஊருக்கு அனுப்பப்பட்டார். அங்கே இடுகாட்டின்மேற் கோட்டை கட்டி, கல்லறைக் கற்களால் ரொட்டி அடுப்பு அமைத்தார் என்பதும், அவ்வடுப்பிற் சுட்ட ரொட்டிகளில் இறந்தோர் பெயர்கள் பதிந்திருந்தன என்பதும் அவ்வூரார் வழிவழியாகக் கூறும் செய்திகள். அடுப்பினால் ஐரோப்பா முழுதும் புகழ்பெற்ற ஒருவரைப்பற்றி அவர் தாய்நாட்டார் நினைவிற்கொண்டிருந்தது இத்தகைய அடுப்பே.

பவேரியாவில் செய்த தொண்டு

1784-ல் பவேரியா மன்னர் கார்ல் தியோடரிடம் சேவகத்தில் அமர்ந்து, மியூனிக் நகரில் பதினோராண்டு வரையிற் பணியாற்றினார். இவரது வாழ்க்கையில் இக்காலமே பொற்காலம் எனலாம். படைவீரர் உடையைச் சீர்திருத்தப் புகுந்தவர், எவ்வகைத் துணி உடல் வெப்பத்தைக் காக்கும் என ஆராய்ந்தார். நூலிழைகளுக்கிடையே சிறைப்பட்டு அசைவற்று நிற்கும் காற்றே வெப்பத்தைக் காக்கின்றதெனக் கண்டார்.

அந்நாளில் மியூனிக் நகர வீதிகளிற் பிச்சைக்காரர் கூட்டம் மிகுந்திருந்தது. 1790-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதியன்று, படைவீரரையும் நகர அதிகாரிகளையும் கொண்டு அவர்களையெல்லாம் ஒருங்கு திரட்டி, தொழிற்சாலை ஒன்றிற்கு வருவித்தார். அது சிறைச்சாலை போன்றதன்று. துப்புரவான அறை, கணப்பின் வெம்மை, சுடச்சுட உணவு, வேலைக்குக் கூலி ஆகிய இவையெல்லாம் அங்கே கிடைத்தன. ஏழைகளை முதலில் நல்லொழுக்கமுடையராக்கிப் பின்னரே சுகமளித்தல் வேண்டும் என்று உலகம் எண்ணியிருக்க, முதலிற் சுகமளித்தால் ஒழுக்கம் தானே வரும் என்பது இவர் கொள்கை. பட்டாணியும் பார்லியும் உருளைக்கிழங்கும் சேர்த்து நெடுநேரம் காய்ச்சிய கஞ்சியொன்றை அவர்களுக்காக அமைத்தார். அது ரம்போர்டு கஞ்சி என்னும் பெயரால் ஐரோப்பிய நகரங்கள் பலவற்றிற் பரவிற்று.

பலருக்குச் சமைக்கவே, விறகுச் செலவு இவர் கருத்தை ஈர்த்தது. அந்நாளைய திறந்த அடுப்பில் வெப்பத்தின் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வீணாயிற்று. இவர் செங்கல்லால் மூடிய அடுப்பு அமைத்து, ஒவ்வொரு பாத்திரத்திற்கும் தனித்தனிக் குழியும் நெருப்பும் வகுத்து, காற்றை வேண்டிய அளவே புகவிட்டார். இத்தொண்டுகளுக்காக மன்னர் இவருக்குப் பிரபுப் பட்டம் அளித்தபோது, தாம் துரத்தப்பட்ட ஊரின் பழம்பெயராகிய ரம்போர்டு என்பதனையே இவர் தேர்ந்துகொண்டார்.

மியூனிக் படைக்கலச் சாலையிற் பீரங்கி குடையும்போது உலோகம் மிகக் காய்வதை ஒருநாள் உற்று நோக்கினார். மழுங்கிய துளையுளியொன்றைப் பித்தளை உருளையில் அழுத்தி, அதனைச் சூழ நீர் நிரப்பி, குதிரைகளைப் பூட்டிச் சுழற்றச் செய்தார். இரண்டரை மணி நேரத்தில், நெருப்பின்றியே நீர் கொதித்தது. உராயுமளவும் ஓயாது தோன்றும் ஒன்று பண்டமாதல் எங்ஙனம்? அஃது இயக்கமே எனத் துணிந்து, 1798-ல் இதனை ராயல் சொசைட்டிக்குத் தெரிவித்தார். அடுத்த ஆண்டு இலண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் கழகம் நிறுவப்பட முன்னின்றவரும் இவரே. டேவி, பாரடே ஆகியோர் பின்னர்ப் பணிசெய்து புகழ்பெற்றது அக்கழகத்திலேதான்.

காப்பிக் கலை

ரம்போர்டு மதுவை வெறுத்தார். தேயிலையும் அவருக்குப் பிடிக்கவில்லை. உழைப்பாளிக்கு வெறியூட்டாது கிளர்ச்சியளிக்கும் பானம் காப்பியே என எண்ணினார். ஆயின் அக்காலத்து மக்கள் காப்பித்தூளை நீரிலிட்டுக் கொதிக்க வைத்தனர். அதனால் ஒருநாள் செய்தது போல் மறுநாள் அமைவதில்லை. கசப்பு மிகும், மணம் போகும். இக்குறையை நீக்கும் வழியைப் பலகால் ஆராய்ந்து, 1812-ல் ஒரு நூலாக வெளியிட்டார்.

அந்நூலின் சாரம் வருமாறு. காப்பியின் சிறப்பு அதன் மணத்தில் உள்ளது. அம்மணம் எளிதிற் காற்றோடு கலந்துபோகும் இயல்பினது. ஆதலின் வடித்த காப்பியைக் கொதிக்கவிடலாகாது. அதனை அலைக்கவும் கூடாது. பாத்திரத்தின் ஒருபுறம் காய்ந்து மறுபுறம் ஆறுமாயின், உள்ளிருக்கும் நீர் மேலும் கீழுமாய்ச் சுழன்று, மணத்தை விரைவில் இழக்கும். இங்ஙனம் நீர் சுழலும் இயல்பை இவர் முன்னமே தம் வெப்ப ஆராய்ச்சிகளிற் கண்டிருந்தார். ஆகவே, காப்பி இறங்கும் பாத்திரத்தைச் சுற்றிலும் வெந்நீர் நிற்கும் உறையொன்றை அமைத்து, எப்புறமும் ஒரே சூடு நிலவச் செய்தார்.

மேற்பாத்திரத்திலே நுண்துளைகளுள்ள தட்டின்மேல் தூளையிட்டு, ஏறக்குறைய முக்கால் அங்குலத்திற்குச் சற்றுக் குறைந்த கனமாகப் பரப்பி, தட்டையான அழுத்தியினால் அரை அங்குலத்திற்கும் குறையும்படி ஒருசீராய் அமுக்க வேண்டும். சீராய் அமுக்காவிடின், வெந்நீர் தூள் தளர்ந்துள்ள இடம் தேடி ஓடிவிடும். ஓரிடத்துத் தூள் சாரமிழந்து கசக்கும், மற்றோரிடத்துத் தூள் நனைந்தும் பயன்படாது. வடிபாத்திரம் இவர்க்கு முன்னரே பாரிஸில் வழங்கிற்று. அதன் அளவையும் அழுத்தத்தையும் காரணங்காட்டி வரையறுத்தது இவரது தொண்டு. நம் வீடுகளிலுள்ள காப்பி வடிகட்டியும், துளையிட்ட மேற்பாத்திரமும் காம்புள்ள அழுத்தித் தட்டும் உடையதாதலின், அவ்வினத்தைச் சேர்ந்ததே.

கப்புச்சினோவிற்கு அடிப்படையாகிய எஸ்பிரஸோ காப்பி பின்னாளில் இத்தாலியிற் பிறந்தது. 1884-ல் தூரின் நகரத்து மொரியோந்தோவும், 1901-ல் மிலான் நகரத்துப் பெட்சேராவும் நீராவியின் அழுத்தத்தைப் பயன்படுத்தினர். 1933-ல் பியலெட்டி வீட்டு அடுப்பில் வைக்கத்தக்க மோக்கா பாத்திரத்தை அமைத்தார். காஜியாவின் நெம்புகோல் இயந்திரம் இரண்டாம் உலகப் போருக்குப் பின் பரவிற்று. அழுத்தம் ஒன்பது மடங்கு காற்றழுத்தமாக உயர்ந்ததேயன்றி, ரம்போர்டின் விதிகள் மாறவில்லை.

ஆதலின் வீட்டிற் கப்புச்சினோ செய்ய விழைவோர் முதலிற் பொருள் செலவிட வேண்டுவது, கொட்டையை ஒரே சீராய் அரைக்கும் நல்ல அரைவையின்மீது. அடுத்து, கூடையின் அளவிற்கு ஒத்த, தட்டையான அழுத்தி வேண்டும். நீர் கொதிநிலைக்குச் சற்றுத் தாழ்ந்து, 90 முதல் 96 பாகை வரை வெப்பமுள்ளதாதல் நன்று. பாலையும் பொங்கவிடாது, 60 அல்லது 65 பாகையளவில் நிறுத்தினால் இனிப்பும் மென்னுரையும் நிற்கும். இயந்திரம் வாங்க இயலாதார் மோக்கா பாத்திரத்தையும் பால் நுரைக்கும் கைக்கருவியையும் கொண்டு, ஏறக்குறைய அதனையொத்த காப்பியைச் செய்துகொள்ளலாம். விலையுயர்ந்த இயந்திரத்தை வாங்கி, பழைய தூளைச் சீரின்றி இடுவோர்க்கு நல்ல காப்பி கிடையாது.

இறுதிக்காலம்

1805-ல் ரம்போர்டு பாரிஸில் மறுமணம் புரிந்தார். மணமகளார், வெப்பத்தை ஒரு பண்டமெனக் கொண்ட பேரறிஞர் லவாய்சியரின் விதவை. அம்மையார் விருந்தினர் கூட்டத்தை விரும்பினார். இவர் தனிமையையும் ஒழுங்கையும் விரும்பினார். ஒருநாள், தம்மைக் கேளாது அழைக்கப்பட்ட விருந்தினர் உள்ளே வராதபடி இவர் வாயிற்கதவைப் பூட்டிவிட, சினங்கொண்ட அம்மையார் இவர் அருமையாய் வளர்த்த மலர்ச்செடிகளின்மேற் கொதிநீரை ஊற்றினாராம். 1809-ல் இருவரும் பிரிந்தனர். காப்பி நூலை இவர் வெளியிட்டது இப்பிரிவிற்குப் பின்னரே. பாரிஸுக்கு அணித்தாகிய ஒத்தேயில் என்னும் ஊரில் வாழ்ந்து, 1814-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 21-ந் தேதி அங்கேயே காலமானார். இளமையில் நடந்துசென்று பாடங்கேட்ட ஹார்வர்டு கல்லூரிக்கு, பயனுள்ள விஞ்ஞானங்களைக் கற்பிக்க ஓர் ஆசிரியர் பதவி ஏற்படும்படி பொருள் விட்டுச் சென்றார்.

இவரை முற்றும் புகழ்தலும் முற்றும் இகழ்தலும் முறையன்று. பல்லாயிரம் வீடுகளுக்கு வெம்மையளித்த இவர், தம் வீட்டாரோடு அன்புற வாழக் கற்றிலர். தம் நாட்டாரையும் மறைவிற் காட்டிக்கொடுத்தார். ஆயினும் பிச்சைக்காரரின் கஞ்சியையும் ஏழையின் அடுப்பையும் ஒரு கிண்ணம் காப்பியையும், பீரங்கிச் சோதனைக்குக் காட்டிய அதே நுணுக்கத்தோடு அளந்து ஆராய்ந்தார். கற்ற கல்வி சோதனைச் சாலையோடு நின்றுவிடாமல் அடுக்களைக்கும் செல்லவேண்டும் என்பதனை இவரிடம் நாம் கற்கலாம். அவ்வடுக்களையில் உள்ளவரை நேசித்தலை வேறொருவரிடமே கற்கவேண்டும். மாணவ நண்பர்கள் இரண்டனையும் பெற்றுச் சிறப்பாராக.