பூட்டு யாருக்கு?

மலருக்கு ஒரு பெரியவர் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார்கள். காந்தி, காமராஜர், பாரதி பற்றியெல்லாம் நாம ஸ்கூல்லயே கட்டுரை எழுதி மார்க் வாங்கியாச்சு. அதனால் இங்கிலாந்தில் பெரும் புகழ் பெற்ற, நம்ம பக்கம் அதிகம் பேசப்படாத ஒரு பெண்மணியை எடுத்துக்கொண்டேன். அவர்தான் ஜோசபின் பட்லர்.

1828 ஏப்ரல் 13-ல் நார்தம்பர்லாந்தில் பிறந்தார். அப்பா ஜான் கிரே, அடிமை முறையை எதிர்த்தவர். ஒரு மனுஷனை இன்னொரு மனுஷன் பூட்டி வைக்கலாமா என்கிற பேச்சைக் கேட்டே வளர்ந்த பெண் இவர். 1852-ல் ஜார்ஜ் பட்லரை மணந்தார். அவர் ஆசிரியர், பாதிரியாரும்கூட. நாலு குழந்தைகள். 1864-ல் ஒரே மகள் ஈவா வீட்டு மாடியிலிருந்து விழுந்து இறந்துபோனாள். வயசு ஐந்துதான்!

1866-ல் குடும்பம் லிவர்பூலுக்கு வந்தது. தன்னைவிடத் துக்கப்பட்டவர்களைத் தேடி அங்கிருந்த ஏழைகள் விடுதிக்குப் போனார் ஜோசபின். பழைய கப்பல் கயிற்றைப் பிரித்து நார் எடுத்துக்கொண்டிருந்த பெண்களோடு தரையில் உட்கார்ந்து தானும் நார் பிரித்தார். போக்கிடம் இல்லாத சிலரைத் தன் வீட்டுக்கே கூட்டி வந்து வைத்துக்கொண்டார்.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் படையில் பால்வினை நோய் நிஜமாகவே பெரிய தொல்லை. அதைத் தடுக்க 1864, 1866, 1869-ல் தொற்றுநோய்ச் சட்டங்கள் வந்தன. படை முகாம், துறைமுக ஊர்களில் எந்தப் பெண் மேல் போலீசுக்குச் சந்தேகம் வந்தாலும் பரிசோதனைக்கு உட்படுத்தலாம். மறுத்தால் ஜெயில். நோய் இருந்தால் லாக் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் அடைப்பு. 1869-க்குப் பிறகு ஒன்பது மாதம் வரைகூட!

சரி, சிப்பாய்க்கு? அவனுக்கு இந்தச் சட்டத்தில் பரிசோதனையே கிடையாது. அவனைச் சோதித்தால் அவன் மானம் போய்விடும் என்று அதிகாரிகள் நினைத்தார்கள். நோய் பரவுவது இரண்டு பேரால், பூட்டு மட்டும் ஒருத்திக்கு. என்ன நியாயம் பாருங்க!

1869 கடைசியில் ஜோசபின் இதற்கென்றே ஒரு மாதர் சங்கத்துக்குத் தலைமை ஏற்றார். 1870 ஜனவரி 1-ல் பத்திரிகையில் வந்த கண்டன அறிக்கையில் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலும் கையெழுத்துப் போட்டிருந்தார். கௌரவமான வீட்டுப் பெண் வாயில் வரக்கூடாத விஷயம் என்று ஊரே ஏசியது. அதே வருஷம் கால்செஸ்டர் இடைத்தேர்தலில் அந்தச் சட்டத்தை ஆதரித்த வேட்பாளரை எதிர்த்துப் பிரசாரம் செய்யப் போனார். கும்பல் ஓட்டல் ஜன்னலை உடைத்தது. ஓட்டல்காரர் வெளியே போகச் சொல்லிவிட்டார். ஆனாலும் வேட்பாளர் தோற்றார்!

பதினாறு வருஷப் போராட்டம். 1883-ல் சட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது, 1886-ல் ரத்தானது. நம்ம நாட்டிலும் 1868-ல் இதே மாதிரி சட்டம் போட்டிருந்தார்கள். அது 1888-ல் ரத்தாகியும் ராணுவ முகாம்களில் பழைய கதை தொடர்ந்ததால் அதையும் எதிர்த்துப் போராடினார்.

அப்படியானால் குற்றத்தைத் தடுக்கவே வேண்டாமா? இந்தக் கேள்வி எனக்கும் வந்தது. 1885-ல் பெண்ணின் சம்மத வயதை 13-லிருந்து 16-ஆக உயர்த்திய சட்டத்துக்காகப் பாடுபட்டவர்களில் ஜோசபினும் ஒருவர். சின்னப் பெண்களை விலைக்கு வாங்குகிறவனைத் தண்டிக்கச் சொன்னார். ஆனால் ஒழுக்கத்தைக் காப்பாற்றுகிறோம் என்று போலீசை விட்டு ஏழைப் பெண்களைத் துரத்துவதை, சொந்தக் கூட்டாளிகள் கேட்டபோதும் ஒத்துக்கொள்ளவில்லை. 1906 டிசம்பர் 30-ல் காலமானார்.

ஒர்க்‌ஷாப்பில் நாம படிச்சதுதான் இது. பெல்ட் ஓடுகிற மெஷினுக்குத்தான் முதலில் கார்டு மாட்டுகிறோம். ஆள் கிட்டப் போய்விடுவான் என்று ஆளையா கட்டி வைக்கிறோம்? பல ஊர் லேடீஸ் ஹாஸ்டல்களில் பொழுது சாயும் முன்பே கேட்டைப் பூட்டுகிறார்கள். பாதுகாப்புக்காகத்தான் என்கிறார்கள், பயமும் நிஜம்தான். ஆனால் அந்தப் பயத்துக்குக் காரணமானவன் ராத்திரி பத்து மணிக்கும் டீக்கடையில் நிற்கிறான். லைப்ரரி நேரத்தை இழப்பது யார்? அவள்தானே!

பசங்களாகிய நமக்கு ஒரு வேலை இருக்கு. பஸ் ஸ்டாப்பில் நம்ம செட்டில் ஒருத்தன் வம்பு பண்ணினால், சிரித்துவிட்டுப் போகாமல் அவனை அங்கேயே நிறுத்தணும். ஜோசபின் அளவுக்குக் கல்லடி பட வேண்டாம். ஒரு ஃப்ரெண்டின் கோபத்தைத் தாங்கினால் போதும்.